இலை குறுக்கே வரட்டும்

போட்டோ கிளப்புகளின் மாதக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இது. திரையில் ஒரு மாம்பழச்சிட்டு. வேப்பமரத்தின் உட்கிளையில், இலைக் கொத்துகளின் நடுவே, கழுத்தைச் சாய்த்து ஓர் இலையின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண் கூர்மையாக விழுந்திருக்கிறது. மார்பின் மஞ்சள் பாதி தெரிகிறது. மீதியின் மேல் இலையின் நிழல். வாலுக்குக் குறுக்கே ஒரு காம்பு. பார்த்த மூத்தவர், “முயற்சி நல்லா இருக்கு தம்பி. ஆனா இலை மறைக்குது. இது ரெகார்ட் ஷாட்தான்” என்கிறார். அடுத்த படம் வருகிறது. அதே சிட்டு, மொட்டைக் குச்சி ஒன்றின் நுனியில், அலகு முதல் வால் வரை முழுதாக. பின்னால் மெழுகிவிட்டாற்போல ஒரே பச்சை. அரங்கில் கைதட்டல்.

அந்தத் தீர்ப்பு தவறு. பறவைப் படம் என்றால் பறவை முழுதாகத் தெரிய வேண்டும், முன்னால் எதுவும் குறுக்கிடக் கூடாது, பின்புலம் துடைத்துவிட்டதுபோல இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று ஒரு சட்டம்போல ஆகிவிட்டது. ‘கிளீன் பெர்ச்’, ‘கிளீன் பேக்கிரவுண்ட்’ என்ற இரண்டு சொற்களும் முதல் கேமரா வாங்கிய வாரத்திலேயே புதியவர்களின் காதில் விழுந்துவிடுகின்றன. இலையை எதிரியாகப் பார்க்கும் இந்தச் சட்டம் பறவையைத் தவறாகப் புரிந்துகொள்கிறது, லென்ஸையும் தவறாகப் புரிந்துகொள்கிறது. இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் பறவைக்கு நேரடியாகவே கேடு செய்கிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதற்கும் ஒரு நியாயம் இருந்தது தெரியும். கரிச்சானும் பஞ்சுருட்டானும் கீச்சானும் மொட்டைக் கிளையிலும் கம்பியிலும்தான் உட்காரும். அது அவற்றின் பிழைப்பு. நாலாபக்கமும் பார்வை கிடைக்கும் இடத்தில் காத்திருந்து, பூச்சியைத் தாவிப் பிடித்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து அமரும். வேடந்தாங்கலில் நாரையையோ கூந்தன்குளத்தில் வாத்தையோ எடுத்தாலும் வானமும் தண்ணீரும்தான் பின்புலம். இந்தப் பறவைகளை வெறும் பின்னணியில் எடுப்பது உண்மையான படம். அதில் யாருக்கும் வழக்கில்லை. வெட்டவெளிப் பறவைகளுக்குப் பொருந்திய அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போய் மரத்துக்குள் வாழும் பறவைகளின்மேல் வைத்ததுதான் பிழை.

அரசமரம் பழுத்திருக்கும் காலத்தில் காலை ஏழு மணிக்கு அதன் அடியில் போய் நின்று பார்க்கலாம். முதலில் ஒன்றும் தெரியாது. பழம் உதிரும் சத்தம் மட்டும் கேட்கும். சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பச்சைப்புறா தென்படும்; மஞ்சள் கால் கிளையைப் பற்றியிருப்பதுதான் முதலில் கண்ணில் படும். பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. ஐந்து வரை எண்ணி முடித்து, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைக்கும்போது கீழே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்புவார்கள். மரத்திலிருந்து முப்பது புறாக்கள் சடசடவென்று கிளம்பும். அத்தனையும் அவ்வளவு நேரமும் கண்ணெதிரில்தான் இருந்திருக்கின்றன. அரசமரத்துப் பச்சைப்புறாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தியே இதுதான். இலைகளை நீக்கிவிட்டு ஒற்றைப் புறாவை மட்டும் காட்டும் படம் இறகின் நிறத்தைச் சொல்லும். அந்த நிறம் எதற்காக என்பதைச் சொல்லாது.

குக்குறுவானும் பச்சைக்கிளியும் பச்சைச்சிட்டும் இப்படித்தான். தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறா இதைவிட நல்ல உதாரணம். காட்டுத் தரையில், புதர் நிழலில், தனியாகவோ இணையோடோ நடந்து உதிர்ந்த விதைகளைப் பொறுக்கும் பறவை அது. வெயில் இலைகளின் இடுக்கு வழியாகப் பொட்டுப் பொட்டாக இறங்கும்போது அதன் இறக்கைப் பச்சை மினுங்குவதும் அணைவதுமாக இருக்கும். நேர் எதிரில் நடந்துபோனாலும் பாதி நேரம் கண் அதைத் தவறவிடும். இன்று சுற்றிலும் பகிரப்படும் மரகதப்புறாப் படங்களில் பெரும்பாலானவற்றில் அது தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலோ தானியம் தூவிய கட்டையின்மேலோ நிற்கிறது, ஸ்டுடியோவில் நிறுத்திய மாதிரி. அந்தப் பறவையைக் காட்டில் தேடிப் போகும் ஒருவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தப் படம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

ஆறுமணிக் குருவிக்கு நடப்பது இன்னும் வருத்தம் தருவது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தென்னாட்டுக்கு வரும் இந்தக் குருவிக்குச் சருகுதான் உலகம். காய்ந்த இலைகளை அலகால் புரட்டிப் புரட்டி அடியில் இருக்கும் புழுவை எடுக்கும். விடியலிலும் அந்தியிலும் அது குரல் கொடுப்பதால்தான் இந்தப் பெயரே வந்தது. அதைப் புழு வைத்துப் பழக்கி, பாசி படர்ந்த கட்டையின்மேல் ஏறச் செய்து எடுத்த படங்கள் ஏராளம். வண்ணம் எல்லாம் தெரிகிறது, சருகு ஒன்றுகூட இல்லை. மீனைத் தட்டில் வைத்து எடுத்துவிட்டு இது கடல் படம் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

கேரளத்தில் பெரியாற்றங்கரையில் 1983-இல் அமைந்த தட்டேக்காடு சரணாலயத்துக்குப் போகிறவர்களில் பலர் தேடுவது தவளைவாயனை. இரவில் இரை தேடும் இந்தப் பறவை பகலில் கொடியும் சருகும் சிக்கிக் கிடக்கும் ஒரு மறைவில், பெரும்பாலும் இணையோடு ஒட்டி உட்கார்ந்து உறங்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. இரண்டுமே காய்ந்த இலைபோல. ஒரே இடத்துக்கு நாள்தோறும் திரும்பி வரும் வழக்கம் இருப்பதால் வழிகாட்டிகளுக்கு இடம் தெரிந்திருக்கிறது. பலருடைய படங்களில் இந்தப் பறவை தலையை மேலே தூக்கி, அலகை வானம் நோக்கி நீட்டி, கண்ணை ஒடுக்கி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் ‘என்ன போஸ்’ என்று வியப்பார்கள். அந்த நிலை பயத்தால் வருவது. ஆபத்து நெருங்கிவிட்டது என்று தோன்றும்போது, ஒடிந்த கிளையாகத் தெரிவதற்காக அது எடுக்கும் கோலம். குறுக்கே வந்த கொடியை விலக்கி, இரண்டடி முன்னால் போய் எடுத்த ‘தெளிவான’ படம் உறக்கம் கலைந்து நடுங்கும் பறவையின் படம். கொடிகளின் இடைவெளி வழியாகத் தள்ளி நின்று எடுத்தவரின் படத்தில்தான் அது உறங்கிக்கொண்டிருக்கும்.

இலையோடு பறவையைப் பார்ப்பது ஏதோ இன்றைய கலை ஆர்வலர்களின் புது மோகம் என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு நேர்மாறாக இருக்கிறது. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ‘அமெரிக்கப் பறவைகள்’ 435 தாள்கள் கொண்ட பெருந்தொகுதி. அதற்கு முந்தைய பறவை ஓவியங்களில் பெரும்பாலும் ஒரு கட்டையோ மண்மேடோதான் இருக்கும், அதன்மேல் பறவை பக்கவாட்டில் நிற்கும். ஆடுபான் பூவையும் காயையும் இலையையும் பறவையின் அளவுக்கே மதித்து வரைய வைத்தார். அவரோடு படகில் பயணம் செய்த ஜோசப் மேசன் என்ற சிறுவன்தான் அந்தத் தாவரங்களில் பலவற்றை வரைந்தவன். ஆடுபான் பறவைகளைச் சுட்டுக் கொன்று கம்பி கட்டி நிறுத்தித்தான் வரைந்தார். அதைப் போற்ற முடியாது. ஆனாலும் இறந்த பறவையை வரைந்தவருக்குக்கூட அதற்கு உயிர் வர இலை வேண்டும் என்று தெரிந்திருந்தது.

தமிழில் இது அதைவிடப் பழைய சங்கதி. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது மரமும் புள்ளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நிலத்தைச் சொன்னால் மரம் வரும், மரம் வந்தால் பறவை வரும். ஒன்றைப் பிய்த்து மற்றொன்றைக் காட்டும் பழக்கம் இந்த மொழிக்குள் இருந்து வந்ததில்லை.

பறவை ஒளிப்படத்தின் தொடக்கமும் இதற்குச் சாட்சி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-இல் முட்டையோடு கூடிய ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்தார்கள். 1895-இல் அவர்கள் வெளியிட்ட பிரிட்டிஷ் பறவைக்கூடுகள் பற்றிய நூல், முழுக்க இயற்கையில் எடுத்த படங்களாலேயே ஆனது. கனமான பெட்டிக் கேமரா, கண்ணாடித் தகடு, வெளிச்சம் போதாத காலம். பறவையை நெருங்க அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, பாடம் செய்த காளைமாட்டின் உடலுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வது. மனிதன் ஒளிந்துகொள்ள வேண்டும், பறவை அதன் இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். பிற்பாடு மேல்நாட்டில் கூட்டருகே படமெடுப்பது பெருகியபோது, குறுக்கே நிற்கும் கிளைகளைக் கயிற்றால் கட்டி ஒதுக்கும் வழக்கமும் வந்தது. அதற்குத் ‘தோட்ட வேலை’ என்றே ஒரு பெயர் வைத்தார்கள். வெட்டாதே, கட்டு; வேலை முடிந்ததும் அவிழ்த்துப் பழையபடி விடு என்று நடத்தை விதிகள் எழுத வேண்டிய அளவுக்கு அது போனது. அன்று நீண்ட லென்ஸ் இல்லை, வேகமான பிலிம் இல்லை. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

நம்மூர் மா. கிருஷ்ணனையும் இங்கே நினைக்க வேண்டும். 1950 முதல் 1996-இல் மறையும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். பல பாகங்களைத் தானே சேர்த்துப் பூட்டிய கேமராவில், கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களை எடுத்தவர். கருப்பு வெள்ளையில் பச்சை இலையும் பழுப்புப் பறவையும் சாம்பலின் இரண்டு படிகள்தான். நிறத்தை வைத்துப் பிரித்துக் காட்டும் வசதி இல்லை. அந்த ஊடகத்தை விரும்பித் தேர்ந்தெடுத்த ஒருவர் புதரையும் புல்லையும் பகையாகப் பார்த்திருக்க முடியாது.

இனி லென்ஸுக்கு வரலாம். ‘முன்னால் இலை இருந்தால் படம் கெட்டுவிடும்’ என்பதுதான் அதிகம் கேட்கும் வாதம். 600 மி.மீ. லென்ஸை எஃப் 4-இல் வைத்தால் அதன் ஒளித்துளையின் விட்டம் 15 செ.மீ. லென்ஸுக்கு அரை மீட்டர் முன்னால் தொங்கும் ஒரு வேப்பிலை அந்த வட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட மறைக்காது. பறவையிலிருந்து வரும் ஒளி அந்த இலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். படத்தில் அந்த இலை இலையாகவே விழாது. மெல்லிய பச்சைப் புகைபோலப் படர்ந்திருக்கும். அதே லென்ஸில் 10 மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 அல்லது 7 செ.மீ.தான். அந்த ஆழத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு இலையும் தூரத்துக்கு ஏற்பக் கரைந்துகொண்டே போகும். கிட்டத்தில் உள்ளது புகை, சற்றுத் தள்ளி உள்ளது நிழல், பறவையின் மட்டத்தில் உள்ளது நரம்பு தெரியும் இலை. ஒரே படத்தில் மரத்தின் ஆழம் முழுவதும் வந்துவிடுகிறது. மெழுகிய பின்புலத்துக்கு இந்த ஆழம் கிடையாது.

‘ஃபோகஸ் இலைக்குப் போய்விடும்’ என்பதும் ஒரு காலத்தில் உண்மையான தொல்லைதான். இலைக் கூட்டத்துக்குள் கேமரா திணறி முன்னும் பின்னும் அலைந்ததில் கைதவறிப்போன படங்கள் எல்லாரிடமும் உண்டு. 2020-இல் வந்த கேனான் ஆர்5, 2021-இல் வந்த சோனி ஆல்ஃபா 1 போன்ற கேமராக்கள் பறவையின் தலையையும் கண்ணையும் தாமே கண்டுபிடித்துப் பற்றிக்கொள்கின்றன. கிளைகளின் நடுவேயும் அவை பெரும்பாலும் கண்ணை விடுவதில்லை. கருவி இவ்வளவு தூரம் வந்த பிறகும், பழைய கருவியின் குறையால் பிறந்த விதி தீர்ப்பு மேசையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இலையோடு எடுப்பது சோம்பேறித்தனம், கிடைத்த இடத்தில் நின்று அழுத்திவிட்டுப் போவது என்று ஒரு குற்றச்சாட்டும் உண்டு. செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பறவையின் கண் மறையக் கூடாது. அது மறைந்தால் படம் தோற்றதுதான், அதில் இரண்டாவது கருத்து இல்லை. அலகின் கோடு வெட்டுப்படக் கூடாது. மற்றபடி எந்த இலை உள்ளே இருக்க வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்பதை எடுப்பவர் தன் காலை நகர்த்தித்தான் தீர்மானிக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தால் கிளை கண்ணை விட்டு விலகும், ஆனால் பின்னால் வெள்ளை வானம் ஓட்டையாகத் தெரியும். முழங்காலை மடக்கினால் வானம் மறையும், ஆனால் கிட்ட இருக்கும் தளிர் புகையாகி மார்பின்மேல் ஏறும். இதற்குள் பறவை இரண்டு கிளை தாவியிருக்கும். மாம்பழச்சிட்டு ஓர் இடத்தில் மூன்று வினாடிக்கு மேல் நிற்பதே அபூர்வம். அது அடுத்து வரக்கூடிய இடைவெளியை முன்கூட்டியே ஊகித்து, அங்கே ஃபோகஸை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருப்பவருக்குக் கிடைப்பதுதான் அந்தப் படம். புழு வைத்த கட்டைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது இதைவிடக் கடினம் என்று எப்படிச் சொல்வது?

கையேட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. பறவையை அடையாளம் காண உதவும் புத்தகத்தில் புருவக்கோடும் இறக்கைப் பட்டையும் கால் நிறமும் மறைவின்றித் தெரியத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் படமும் கையேட்டுப் படமாக இருக்க வேண்டியதில்லை. அறிவு என்று பார்த்தாலும் இலை சேர்த்துத் தருவது அதிகம். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு மாதிரியான முயற்சிகளில் ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்கின்றன. அவற்றோடு வரும் படத்தில் பறவை எந்த மரத்தில் இருந்தது, காய் பச்சையா பழுத்ததா, தளிர் விட்டிருந்ததா என்பது தெரிந்தால், அந்த இலை பின்னாளில் ஒருவருக்கு ஆய்வுச் செய்தி. மெழுகிய பின்புலத்திலிருந்து எந்தத் தாவரவியலாளரும் எதையும் படிக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் அழகைப் பற்றியும் அறிவைப் பற்றியும். கேடு தொடங்குவது கூட்டருகே.

தையல்சிட்டின் கூட்டைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலமான ஓர் இலையையோ, அடுத்தடுத்த இரண்டு மூன்று இலைகளையோ விளிம்போடு விளிம்பு சேர்த்து, அலகால் ஊசித் துளையிட்டு, பஞ்சையும் நாரையும் சிலந்தி இழையையும் கோத்துத் தைக்கும். துளைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் தைத்த இலை பழுக்காது, காயாது. செடியில் பச்சையாகவே இருக்கும். இலையின் மேற்பக்கம் வெளியே இருக்கும்படி மடிப்பதால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மற்ற இலைகளைப் போல ஓர் இலைதான். பெரும்பாலும் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள்தான் கட்டும். வீட்டுத் தோட்டத்து எலுமிச்சையில், வாசல் தொட்டிச் செடியில் எல்லாம் இருக்கும். உள்ளே மூன்று நான்கு முட்டை. பாதுகாப்பு என்று அதற்கு இருப்பது அந்த இலைகளும், அவற்றைச் சுற்றியுள்ள மற்ற இலைகளும்தான்.

தாய் ஊட்டும் காட்சி ‘கிளீனாக’ வர வேண்டும் என்று முன்னால் நிற்கும் நாலு இலையை ஒருவர் கிள்ளிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அரை நிமிட வேலை. அவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வழியாகத் தினமும் வரும் காகம் போய்விடாது. நேற்றுவரை மறைந்திருந்த கூட்டின் வாய் இன்று திறந்து கிடக்கிறது. காகமோ பூனையோ வராவிட்டாலும் நண்பகல் வெயில் வரும். பொரித்துச் சில நாளேயான குஞ்சுகளுக்கு இறகு கிடையாது, உடல் வெப்பத்தைத் தாமாகச் சமன்படுத்தும் திறனும் இன்னும் வந்திருக்காது. கிள்ளிய இலையைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அந்தப் படம் பரிசு வாங்கினால், அடுத்த பருவத்தில் பத்துப் பேர் பத்துச் செடிகளில் இதையே செய்வார்கள்.

போட்டி விதிகளும் தம்மை அறியாமலேயே இதற்கு வழி திறந்துவிட்டிருக்கின்றன. அமெரிக்க ஒளிப்படக் கழகமும் எஃப்.ஐ.ஏ.பி. என்ற சர்வதேச ஒளிப்பட அமைப்பும் பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ‘இயற்கைப் படம்’ என்பதன் வரையறைப்படி, படத்தின் ஓரத்தை வெட்டலாம்; உள்ளே இருக்கும் எதையும் கணினியில் நீக்கவோ சேர்க்கவோ இடம் மாற்றவோ கூடாது. நல்ல விதி, வேண்டிய விதி. ஆனால் ‘இலை மறைக்கிறது’ என்று மதிப்பெண் குறைக்கும் நடுவரும் அதே மேசையில் இருந்தால் என்ன ஆகும்? கணினியில் அழிக்க முடியாத இலையைச் செடியிலேயே அழித்துவிடும் ஆசை பிறக்கும். படத்தைவிட உயிரின் நலமே முக்கியம் என்றும் அந்த அமெரிக்கக் கழகம் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை மதிக்கிற நடுவர், பளிச்சென்று திறந்திருக்கும் கூட்டுப் படத்தைக் கண்டவுடன் முதலில் கேட்க வேண்டியது, முன்னால் இருந்த இலைகள் எங்கே என்பதைத்தான். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்துக்குள்ளேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் அந்த வரியில் தனித்தனி இடம் கிடையாது.

சர்வதேசப் போட்டிகளில் சூழலோடு சேர்ந்த உயிரினத்துக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் அது உண்டு. உள்ளூர்ச் சங்கங்கள் அப்படி ஒரு பிரிவைத் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கூட்டுப் படங்களை வாங்குவதில்லை என்று ஒரு வரி சேர்க்கலாம். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, இரை வைத்ததா, குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்ததா என்று நுழைவுப் படிவத்தில் மூன்று கேள்வி கேட்கலாம். இதைவிட எளிது, திரையில் வரும் படத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பது.

அந்த வேப்பமரத்து மாம்பழச்சிட்டின் படத்தில் மூத்தவர் பார்க்காமல் விட்டவை நிறைய. கிளையின் நுனியில் இருக்கும் இலைகள் செம்பு நிறத்தில் மினுமினுக்கின்றன. அது பங்குனியில் விடும் தளிர். அதற்குக் கீழே முற்றிய இலையொன்றின் ஓரம் அரிக்கப்பட்டிருக்கிறது. சிட்டின் பார்வை போகும் திசையில், அந்த இலையின் அடியில், இலை நரம்பின் நிறத்திலேயே ஒரு சிறு புழு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிட்டின் கழுத்து அதை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது.